கைக்குழந்தைக்கு ஓர் ஒத்திகை

அத்தியாயம் பதினான்கு

பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா? அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்த பஞ்சாயத்து எந்த இடத்தில் நின்றது என்று உங்களுக்கு நினைவிருக்கும். இல்லாவிட்டாலும் பாதகமில்லை, சுருக்கமாகவே சொல்லிவிடலாம்.

லிப்ட் மெக்கானிக்குக்குக் கம்பெனியில் லீவு கிடைத்துவிட்டது. மூத்த மகளுக்கு அவர் கொடுத்திருந்த தீம் பார்க் வாக்குறுதி, போன வருஷம் அம்மா வாயும் வயிறுமாக இருந்ததால் தள்ளிப்போனது. இந்த வருஷம் வயிற்றில் இருந்தது கைக்கு வந்துவிட்டது. பாப்பாவுக்கு நாலு மாதம்.

மூத்தவளுக்கு ஏழு வயது. வீட்டில் எல்லாரையும் வேலை வாங்குவதால் அவளுக்கு 'சூப்பர்வைசர்' என்று பெயர். அவளும் அந்தப் பதவியை மறுக்கவில்லை.

"பச்சைக் குழந்தையை அந்தக் கூட்டத்துக்குள்ள எதுக்குடா இழுத்துட்டுப் போற? என்கிட்ட விட்டுட்டுப் போங்க, நான் பார்த்துக்கறேன்" என்றாள் மெக்கானிக்கின் அக்கா. குழந்தை டாக்டர், "வெயில்ல வைக்காதீங்க, பெரிய சத்தத்துப் பக்கம் நிக்காதீங்க, மத்தபடி தாராளமா போலாம்" என்றார். மெக்கானிக்கோ ஒரே பிடியாக நின்றார். "போனா நாலு பேரும் போறோம். இல்லன்னா யாரும் போகல. பெத்த குழந்தையை விட்டுட்டு என்ன ஊர் சுத்தல்?"

பாப்பாவின் அம்மா மட்டும் எந்தப் பக்கமும் சாயவில்லை. அவளை யாரும் கேட்கவில்லை என்று சொன்னால் அது பொய். தினமும் கேட்டார்கள். "உங்க இஷ்டம்" என்றாள். நல்ல மருமகள், அனுசரணையான மனைவி என்று எடுத்துக்கொண்டு எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அவள் ஒரு பேக்கரியில் கேக் அலங்கரிப்பவள். கிரீம் பையை அழுத்தி, கை நடுங்காமல், கேக்குக்குக் கேக்கு ஊரார் வீட்டுக் குழந்தைகளின் பெயரை எழுதியவள். பிரசவத்துக்கு லீவு போட்டவள் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. இந்த நாலு மாதமாக அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. பாப்பா அழும்போது, பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவதுபோலத்தான் அவளுக்குக் கேட்டது.

பால் கொடுத்தாள். குளிப்பாட்டினாள். துணி மாற்றினாள். எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. மூத்தவள் பிறந்தபோது அந்தக் குழந்தையின் நகத்தைப் பார்த்தே நாள் முழுக்கச் சிரித்தவள் அவள். இந்தக் குழந்தையிடம் அவளுக்கு உள்ளே ஒன்றுமே வரவில்லை. நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இனி வராது என்ற பயத்தோடு அவள் எழுந்து, அந்தப் பயத்தோடே தூங்கினாள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் மெக்கானிக் பல் தேய்த்துக்கொண்டே வந்து அறிவித்தார்.

"இன்னிக்கு ஒரு லோடு டெஸ்ட் போட்டுடலாம்."

"எதுக்கு?"

"நமக்குத்தான்!"

லிப்டைப் பழுது பார்த்து முடித்ததும் உடனே ஆளை ஏற்ற மாட்டார்கள். இரும்புக் கட்டிகளை உள்ளே அடுக்கிக் கதவைச் சாத்தி, கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே என்று ஓடவிட்டு, மாடிக்கு மாடி நிறுத்திப் பார்ப்பார்கள். சத்தம் வருகிறதா, குலுங்குகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று கவனிப்பார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதே பிழைப்பாக இருந்ததால், புது மிக்ஸி வாங்கினால்கூட இந்த மனுஷர் முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டிப் பார்ப்பார். இப்போது குடும்பத்தையே ஓட்டிப் பார்க்கத் தீர்மானித்துவிட்டார்.

"ஊருக்குப் போற மாதிரியே கிளம்பணும். எல்லாப் பையையும் தூக்கணும். பஸ்ல போறோம், வரிசைல நிக்கறோம், வெளியவே சாப்பிடறோம், சாயங்காலம் திரும்பறோம். பாப்பா தாங்கிட்டான்னா இன்னிக்கே டிக்கெட். தாங்கலன்னா ட்ரிப் கேன்சல். என்ன சொல்ற?"

"உங்க இஷ்டம்."

சூப்பர்வைசர் படுக்கையிலிருந்து ஒரே தாவலாகத் தாவி வந்தாள். பாப்பாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, விரலை நீட்டி எச்சரித்தாள். "இன்னிக்கு மட்டும் அழுத, அவ்வளவுதான் நீ!"

பாப்பா அவள் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

கிளம்பும்போது மெக்கானிக் வாசலில் மனைவியை நிறுத்தி, தணிந்த குரலில் பேசினார். "அங்க போனா எல்லாம் சரியாயிடும், பாரேன். வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கறதாலதான் நீ இப்படி டல்லா இருக்க. நாலு பேரும் சேர்ந்து சிரிக்கற மாதிரி ஒரு போட்டோ எடுக்கணும். நம்மகிட்ட ஒண்ணுகூட இல்ல."

அவர் மோசமானவர் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அவரிடம் கோபப்படக்கூட அவளுக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை.

பஸ்ஸில் பாப்பா தூங்கியது. மெக்கானிக் கட்டை விரலை உயர்த்தினார். அவர்கள் போய்ச் சேர்ந்தது நகரத்தின் அந்தப் பக்கத்தில் இருந்த ஒரு பெரிய மாலுக்கு. தள்ளுவண்டியில் பாப்பாவைக் கிடத்தி, கைப்பிடியில் மூன்று பைகளை மாட்டி உள்ளே நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இங்க எங்க பெரிய வரிசை இருக்கு?"

செல்போன் சர்வீஸ் சென்டர் வாசலில் இருந்தது. போய் நின்றார்கள்.

"அப்பா, நம்ம போன் நல்லாத்தானே இருக்கு?"

"இது போன் கடைன்னு யார் சொன்னா? நாம ராட்சச ராட்டினத்துக்கு நிக்கறோம். தீம் பார்க்ல பாதி நாள் வரிசைலதான் போகும். பாப்பா எப்படி இருக்கான்னு பார்த்துக்கிட்டே இரு."

சூப்பர்வைசருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது. "அம்மா, உனக்குப் பயமா இருந்தா கண்ணை மூடிக்கோ. நான் மூட மாட்டேன். மேல போனதும் ரெண்டு கையையும் விட்டுடுவேன்" என்றாள்.

வரிசை ஊர்ந்து ஊர்ந்து கவுண்டருக்கு வந்தது.

"சொல்லுங்க சார், போன்ல என்ன பிரச்சனை?"

"ஒரு பிரச்சனையும் இல்லம்மா. ரொம்ப நல்லா வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டு, மெக்கானிக் குடும்பத்தைத் திருப்பிக்கொண்டு போய் மறுபடியும் வரிசையின் கடைசியில் நின்றார். காவலாளி அவர்களையும் அந்தப் பைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பழைய அவளாக இருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். இதில் சிரிக்க வேண்டும் என்று இப்போதும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததே தவிர, சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது முறையும் கவுண்டர் வரை போய்த் திரும்பினார்கள். பாப்பா விழித்தது, கூரையில் இருந்த விளக்குகளைப் பார்த்தது, பால் குடித்தது, மறுபடியும் தூங்கிவிட்டது.

"பிரமாதம்! இப்ப அடுத்த டெஸ்ட். அங்க நாம எல்லாரும் எப்பவும் ஒண்ணாவே சுத்த முடியாது. யாராவது ஒருத்தர் பாப்பாகூட நிக்கணும். நான் மேல போய் சாப்பாடு வாங்கிட்டு வரேன். நீங்க மூணு பேரும் இங்கயே இருங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் போன் பண்ணக் கூடாது, சரியா? சமாளிக்கணும்." சொல்லிவிட்டு மெக்கானிக் கண்ணாடி லிப்டில் ஏறினார். ஏறும்போதே காதை ஒரு பக்கமாகச் சாய்த்து அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டார்.

தூணோரம், கொஞ்சம் தள்ளி, காசு போட்டால் ஆடும் பொம்மை ரயில் ஒன்று இருந்தது. காசு போடாமலேயே சூப்பர்வைசர் அதில் ஏறி உட்கார்ந்து ஓட்ட ஆரம்பித்தாள். அம்மா தள்ளுவண்டியின் பக்கத்தில் நின்றாள்.

எதிர்ப்புறத்தில் ஒரு பேக்கரி. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் கேக்கின் மேல் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் புதிது என்பது தோளைப் பார்த்தாலே தெரிந்தது. பையை நுனியில் பிடித்திருந்தாள். அப்படிப் பிடித்தால் கடைசி எழுத்துக்கு வரும்போது கை நடுங்கும்.

அதைப் பார்க்க அம்மா ஓர் எட்டு முன்னால் வைத்தாள். அப்புறம் இன்னொன்று. கண்ணாடி வரைக்கும் போனாள். கடைசி எழுத்து கோணலாகத்தான் விழுந்தது. அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு கத்தியால் அதை வழித்து எடுத்தாள்.

அங்கிருந்து அவள் திரும்பியிருக்கலாம். அவள் எதையும் முடிவு செய்யவில்லை. கால் வேறு பக்கம் போனது, அவளும் கூடப் போனாள். செருப்புக் கடையைத் தாண்டினாள், துணிக்கடையைத் தாண்டினாள். கையில் பை இல்லை, தோளில் துண்டு இல்லை. தானாகத் திறக்கும் கதவு திறந்தது. வெளியே நல்ல வெயில். சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தாள்.

அவள் சந்தோஷமாக இருந்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, மார்புக்கு மேல் உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து போய்விட்டது. பக்கத்தில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு கடைக்காரர் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். எல்லாம் பார்க்க அழகாக இருந்தது. பாப்பாவின் நினைவு அவளுக்கு வரவே இல்லை. பெரியவளின் நினைவும் வரவில்லை.

ஒரு பஸ் வந்து நின்றது. எழுந்து படியில் ஒரு காலை வைத்தாள்.

"எங்கம்மா போகணும்?" என்றார் கண்டக்டர்.

எங்கே போகணும் என்று தேடினாள். தேடும்போதுதான் தனக்கு ஒரு வீடு இருப்பதும், புருஷன் இருப்பதும், இரண்டு பிள்ளைகள் இருப்பதும், அந்தப் பிள்ளைகள் ஒரு தூணோரம் இருப்பதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. காலை எடுத்துக் கீழே வைத்தாள். பஸ் போய்விட்டது.

பதறியடித்து ஓடி வந்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் நடந்துதான் வந்தாள். ஓட வேண்டும் என்று தெரிந்தும் ஓட்டம் வரவில்லை. அந்தப் பாரம் செருப்புக் கடைக்குப் பக்கத்தில் மறுபடியும் வந்து ஏறிக்கொண்டது.

பொம்மை ரயில் காலியாக இருந்தது. சூப்பர்வைசர் தள்ளுவண்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாப்பா தூக்கத்தில் உதட்டைச் சப்பிக்கொண்டிருந்தது. பெரியவள் அழவில்லை. ஆனால் அவளுடைய முகத்தில் சின்னப் பிள்ளைத்தனம் என்று ஒன்றும் மிச்சமில்லை.

"எங்கம்மா போன?"

"சும்மா... வெளிய."

"நான் கூப்பிட்டேன். உனக்குக் கேட்கல. பாப்பாவை விட்டுட்டு எப்படி உன் பின்னாடி வர்றது? அதான் இங்கயே நின்னேன்."

அம்மா மகளின் தலையைத் தொடக் கையை நீட்டினாள். பெரியவள் தலையை நகர்த்திக்கொள்ளவில்லை, ஆனால் கைப்பிடியையும் விடவில்லை.

"அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். சொன்னா ட்ரிப் கேன்சல் பண்ணிடுவார்."

அதற்குள் கண்ணாடி லிப்ட் கீழே இறங்கியது. இரண்டு கையிலும் பொட்டலங்களோடு மெக்கானிக் முகமெல்லாம் பல்லாக வந்தார். "மேல என்ன கூட்டம்! நின்னு நின்னு கால் கழண்டுபோச்சு. பாப்பா அழுதாளா?"

"இல்லப்பா. ஒரு தடவைகூட அழல."

"பார்த்தியா! டெஸ்ட் பாஸ்!" குனிந்து பாப்பாவின் காலில் முத்தம் கொடுத்தார். பிறகு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "அட, உன் முகத்துலகூட ஒரு தெளிவு வந்திருக்கே. வெளிய வந்தா எவ்வளவு நல்லா இருக்கு பாரு!"

திரும்பும் வழியெல்லாம் அவள் தனக்குள் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டு வந்தாள். இங்கே ஒரு மால். நாலு சுவர், ஒரு காவலாளி. அங்கே ஊர்ப்பட்ட கூட்டம், நாலு பக்கமும் வாசல். அங்கேயும் அவர் போய் வரிசையில் நிற்பார். அவள் பாப்பாவோடு நிற்பாள். அங்கேயும் அவளுடைய கால் எந்தப் பக்கம் போகும் என்று அவளுக்கே தெரியாது. காலையிலிருந்து அவர் சோதித்ததெல்லாம் குழந்தையைத்தான். அது நன்றாகத் தாங்கியது. தாங்காதது யார் என்று அவள்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து பைகளை இறக்கியதும் அவர் செய்த முதல் வேலை, அக்காவுக்குப் போன் போட்டதுதான். "அக்கா, பாப்பா சூப்பர்! நீ ஒண்ணும் கஷ்டப்பட வேண்டாம். நாங்களே கூட்டிட்டுப் போறோம்."

போனை வைத்துவிட்டு டிக்கெட் போட உட்கார்ந்தார். சூப்பர்வைசர் அவருடைய தோளில் தொங்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். அம்மா அவர்கள் எதிரே வந்து நின்றாள்.

"என்னங்க. பாப்பாவை உங்க அக்காகிட்டயே விட்டுடலாம்."

"ஏன்? அவதான் பாஸாயிட்டாளே!"

"நான் ஆகல."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினார்.

"நீங்க மேல போனப்போ நான் பாப்பாவை விட்டுட்டுப் போயிட்டேன். ரெண்டு பேரையும்தான். பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். பஸ்ல ஏறக் காலை வச்சேன். அதுவரைக்கும் எனக்குப் பாப்பா ஞாபகமே வரல." நாலு மாதமாகப் பூட்டி வைத்ததை அவள் அவர் முன்னால் கொட்டினாள். "எனக்கு அவமேல ஒண்ணுமே வரமாட்டேங்குது. எல்லாம் செய்யறேன், ஆனா ஒண்ணும் வரல. என்னை நம்பி அவளைக் கூட்டிட்டுப் போகாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவர் முகம் வெளுத்தது. ஒரு கணம், அந்த ஒரே ஒரு கணம், அவர் நிஜமாகவே அவளைப் பார்த்தார். அவளுக்கு உயிர் வந்தது. கேட்டுவிட்டார், இனிமேல் தனியாகச் சுமக்க வேண்டாம் என்று நினைத்தாள்.

"இல்லப்பா" என்றாள் சூப்பர்வைசர்.

இருவரும் திரும்பினார்கள்.

"அம்மா என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா. 'பாப்பாவைப் பார்த்துக்கோ, இதோ வந்துடறேன்'னு சொன்னா. பாத்ரூம் போனா. உடனே வந்துட்டா. பஸ் ஸ்டாப்லாம் போகல."

"நிஜமாவா?"

"நிஜமாப்பா." கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள்.

மெக்கானிக் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். இரண்டில் எது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். முகத்துக்கு நிறம் திரும்பியது.

"ஏம்மா, கொஞ்ச நேரத்துல என் உயிரையே எடுத்துட்டியே! உனக்குத் தூக்கம் இல்ல, அதான் கண்டபடி நினைச்சுக்கற. ஒண்ணும் இல்லாததைப் பெருசு பண்றதே உனக்கு வேலையாப் போச்சு. பத்து நாள் முன்னாடி அடுப்பை அணைச்சோமான்னு திரும்பத் திரும்பப் பார்த்தல்ல, அதே மாதிரிதான் இதுவும். அங்க போய் நாலு நாள் நல்லாத் தூங்கு. எல்லாம் சரியாயிடும்."

"நான் சொல்றதைக் கேளுங்க..."

"கேட்டேனே! போய் முகத்தைக் கழுவிட்டு வா, போ." அவள் தோளை அன்பாகத் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினார்.

அவள் உள் அறைக்குப் போனாள். பாப்பா கட்டிலில் விழித்துக்கொண்டு கிடந்தது. அவளைப் பார்த்ததும் கால்களை உதைத்துச் சிரித்தது. அவள் அந்தச் சிரிப்பைப் பார்த்தபடி நின்றாள். காத்திருந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

பின்னாலேயே சூப்பர்வைசர் வந்தாள். கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"ஏம்மா சொன்ன? நான்தான் சொல்ல மாட்டேன்னு சொன்னேன்ல?"

"நீ ஏன் பொய் சொன்ன?"

மகள் கட்டில் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, பாப்பாவின் பாதத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். நெடுநேரம் யோசித்து வைத்திருந்ததைச் சொல்வதுபோல, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அங்க போய் நான் எதுலயும் ஏறலம்மா. ராட்டினம், ரயில், எதுவும் வேண்டாம். நான் பாப்பாகூடவே நிக்கறேன். அப்பா எங்க போனாலும், நீ எங்க போனாலும், நான் பாப்பாவை விட்டு நகர மாட்டேன். அப்ப உனக்குப் பயமா இருக்காதுல்ல?"

வெளியிலிருந்து மெக்கானிக்கின் குரல் சந்தோஷமாக வந்தது. "போட்டாச்சு! வெள்ளிக்கிழமை காலை வண்டி! நாலு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல சீட்டு!"

அதைக் கேட்டு மகள் துள்ளவில்லை. இறங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"நீ வெளிய போகணும்னு தோணுச்சுன்னா போம்மா. நான் அப்பாகிட்ட ஏதாவது சொல்லிக்கறேன்" என்றாள். பிறகு, ரொம்பச் சின்னக் குரலில் கேட்டாள்: "ஆனா திரும்பி வந்துடுவல்ல?"

வருவேன் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். எந்த அம்மாவும் யோசிக்காமல் சொல்லக்கூடியதுதான். அவள் வாயைத் திறந்தாள். மகள் அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். அவளால் சொல்ல முடியவில்லை.